ஜன்னலோரம் நின்ற கதவு

காலையில் எழுந்தான். பல் தேய்த்தான். மோட்டார் ஸ்விட்சைப் போட்டான். தொட்டி நிறையும்வரை ஸ்விட்சுக்குப் பக்கத்திலேயே நின்றான். மாடியில் தண்ணீர் வழிவதற்குள் அணைத்தான். அணைத்த பிறகும் ஒருமுறை தொட்டுப் பார்த்தான். பால் காய்ச்சிக் குடித்தான். நேற்றைய சட்டையை முகர்ந்து பார்த்தான். பரவாயில்லை என்று அதையே மாட்டிக்கொண்டான்.

வாசலில் ஸ்கூட்டர் ஹார்ன் அடித்தது.

"கிளம்பியாச்சா அத்தான்? இல்ல, இன்னும் மோட்டாருக்குக் காவலா?"

"கிளம்பியாச்சு."

"அது எங்கயும் ஓடிப் போகாது அத்தான். சுவத்துல திருகி வெச்சிருக்கு."

அவன் பின்னால் ஏறிக்கொண்டான். சின்னவள் அவன் மனைவியின் தங்கை. அவளை உதவியாளராக அவன் வேலைக்கு எடுக்கவில்லை. அக்கா இறந்துபோன பிறகு ஒருநாள் அவனுடைய துப்பறியும் அலுவலகத்துக்கு வந்து மேஜையைத் துடைத்தாள். பிறகு போகவே இல்லை. ஊரில் இருக்கிற வம்பையெல்லாம் பேசிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தாள். அவன் முதலில் சகித்துக்கொண்டான். பிறகு அதுவும் பழகிவிட்டது.

கையில் இருந்த வழக்கு ஒன்றுதான். ஃபிரிட்ஜுக்கு வெளிக்கதவு அடிக்கும் தொழிற்சாலை. அங்கே தகட்டை அழுத்தி மடிக்கும் பெரிய பிரஸ்ஸை ஓட்டியவன் கணவன். அந்தப் பிரஸ்ஸின் அச்சைத் தேய்த்து மெருகு போட்டவள் மனைவி. ஒரு பிற்பகலில் அவள் அச்சுக்குள் குனிந்திருந்தபோது கணவன் பிரஸ்ஸை இறக்கிவிட்டான். அவள் இறந்துபோனாள். 'மெருகு போட்டுட்டு இருந்தா. நான் பாக்காம அழுத்திட்டேன்' என்று அவனே போலீஸில் எழுதிக் கொடுத்துவிட்டு ஜாமீனில் வந்திருந்தான். அவர்களுடைய பெண் குழந்தை இப்போது தாய்மாமன் வீட்டில்.

அந்தத் தாய்மாமன்தான் துப்பறிவாளனைத் தேடி வந்தவர். செல்போன் பழுது பார்க்கிற கடை வைத்திருந்தார்.

"அவன் பொய் சொல்றான் சார். தண்ணியிலயே விழலன்னு சத்தியம் பண்ணி ஈர போனக் கொண்டு வந்து நீட்டுவாங்க எங்க கடையில. பொய் சொல்ற மூஞ்சி எனக்குத் தெரியும். பாக்காம இல்ல, பாத்தேதான் அழுத்தியிருக்கான். அத மட்டும் கண்டுபிடிச்சுக் குடுங்க. எங்க பாப்பா அந்த வீட்டு வாசப்படி மிதிக்கக் கூடாது."

அவன் பொய் சொல்கிறான் என்பது வரை துப்பறிவாளனுக்கும் சரியாகவே பட்டது. எந்தப் பொய் என்பதுதான் தெரியவில்லை.

தொழிற்சாலை வாசலில் தாய்மாமன் கைகட்டி நின்றிருந்தார். "நானும் வரேன்" என்றார். கேட்கவில்லை, சொன்னார்.

சூப்பர்வைசர் தூக்கம் கெட்ட மனிதர். பிரஸ் ஹாலுக்குள் அழைத்துப் போனார். பெரிய பிரஸ் மட்டும் ஓடாமல் நின்றது. அதன் நெற்றியில் ஒரு அட்டை. நீல மெழுகுப் பென்சிலில் பெரிய எழுத்து: 'சாவி கழுத்தில் இல்லாமல் தலை உள்ளே போகக் கூடாது.'

"யார் எழுதினது?"

"அந்தம்மாதான். சாவிய எடுத்துட்டா பிரஸ் இறங்காது. மெருகு போடப் போகும்போது சாவிய உருவி சிவப்புக் கயித்துல கழுத்துல மாட்டிட்டுத்தான் போவா. யாராவது சாவி இல்லாம தலைய விட்டா, அவ்வளவுதான். எங்க மேனேஜரையே ஒருதரம் எல்லார் முன்னாடியும் வாங்கு வாங்குன்னு வாங்கிட்டா."

"அன்னைக்கு சாவி எங்க இருந்துச்சு?"

"பிரஸ்லயே இருந்துச்சு. அவ கழட்டி வெச்சிருந்தா, நான் எடுத்துப் போட்டேன்னு புருஷன் சொல்லியிருக்கான்." சூப்பர்வைசர் கண்ணைத் தேய்த்தார். "அவ கழட்ட மாட்டா சார். சாப்பிடப் போனாக்கூட கழட்ட மாட்டா."

"கேட்டீங்களா?" என்றார் தாய்மாமன். "அப்ப புடுங்கியிருக்கான்."

துப்பறிவாளன் பிரஸ்ஸைச் சுற்றி நடந்தான். முன்பக்கம் ஆபரேட்டர் நிற்கிற இடம். பின்பக்கம் மெருகு போடுபவள் குனிகிற இடம். நடுவில் ஆள் உயரத் தகட்டைத் தூக்கி வைத்தால் முன்னால் நிற்பவனுக்குப் பின்னால் இருப்பவள் தெரியமாட்டாள்.

"இதுக்கு எதுக்கு அடிக்கடி மெருகு?"

"வெறும் இரும்புத் தகடு இல்ல சார் இது. மேல துத்தநாகப் பூச்சு இருக்கு, துரு பிடிக்காம இருக்க. அச்சு அழுத்தி மடிக்கும்போது மூலையில தகடு இழுபடும். பூச்சு பொடியா உதிரும். அந்தப் பொடி அச்சு மூலையில ஒட்டி, கல்லு மாதிரி இறுகிடும். அப்புறம் வர்ற ஒவ்வொரு கதவையும் அது கீறும். பெயின்ட் அடிச்சா வெளிய தெரியாது. வாங்கினவங்க வீட்டுல கொஞ்ச நாள்ல அந்த இடத்துல துரு கிளம்பும்."

"அதாவது," என்றாள் சின்னவள், "தகடு தன் பவுடர அச்சு மேல அப்பிட்டுப் போகுது, அச்சு அடுத்த தகட்டப் பிராண்டுது. எங்க பெரியம்மா வீட்டுச் சண்ட மாதிரி. ஆரம்பிச்சவங்க ஒருத்தர், அடி வாங்கறவங்க வேற ஒருத்தர்."

சூப்பர்வைசருக்குச் சிரிப்பு வந்தது. தாய்மாமனைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டார்.

சுவர் ஓரமாக அன்றைய கதவுகள் அடுக்கியபடியே இருந்தன. போலீஸ் தொடக்கூடாது என்று சொல்லியிருந்தது. சின்னவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அடியிலிருந்து மேலே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"அத்தான், எல்லாத்துக்கும் இடது மூலையில கோடு. அடியில இருக்கறதுல தலமுடி மாதிரி. மேல வர வர தடிப்பாகுது. உச்சியில இருக்கறது பூனை பிராண்டின மாதிரியே இருக்கு."

"சுத்தமா ஒண்ணு இருக்கா?"

"ஒண்ணுகூட இல்ல."

"போலீஸும் இதத்தான் சொன்னாங்க," என்றார் சூப்பர்வைசர். "மெருகு போட்ட அப்புறம் அடிச்சிருந்தா கோடு இல்லாத கதவு ஒண்ணாவது இருக்கணும். இல்ல. அப்படின்னா அவ வேலைய முடிக்கறதுக்கு முன்னாடியே அழுத்திட்டான்."

தாய்மாமன் இறுகிய முகத்துடன் தலையாட்டினார்.

துப்பறிவாளன் அச்சுக்குள் டார்ச் அடித்தான். சாவி அவன் சட்டைப்பையில் இருந்தது. தலையை விடுவதற்கு முன் சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கியிருந்தான். அந்த அட்டைக்கு முன்னால் வேறு மாதிரி செய்யத் தோன்றவில்லை. இடது மூலை கண்ணாடி போலப் பளபளத்தது. ஒரு பொடி இல்லை.

"இடது மூலையில வேலை முடிஞ்சிருக்கு. கீறல் வந்ததும் இடது மூலையிலதான். அப்புறமும் எதுக்கு உள்ள இருந்தாங்க?"

"ஓரமெல்லாம் துடைச்சிட்டு இருந்திருப்பா," என்றார் தாய்மாமன்.

"இருக்கலாம். எங்க விழுந்தாங்க?"

"அந்தப் பக்கம். வலது மூலைகிட்ட."

துப்பறிவாளன் டார்ச்சை அணைத்தான். அவனுக்கு உட்கார வேண்டும் போலிருந்தது. கொஞ்ச நாளாக எப்போதுமே அப்படித்தான் இருந்தது.

"மெருகு போட்டதும் முதல்ல வர்ற கதவ என்ன பண்ணுவீங்க?"

"அத அடுக்க மாட்டோம் சார். டியூப் லைட்டுல மெல்லிசுக் கோடு தெரியாது. ஜன்னல்கிட்ட எடுத்துட்டுப் போய், பகல் வெளிச்சத்துல சாய்ச்சுப் பாப்போம். சரியில்லன்னா திரும்ப மெருகு. பாத்த கதவு ஜன்னலோரமே நிக்கும்."

ஜன்னலோரம் ஒன்றும் நிற்கவில்லை.

"இங்க எதுவும் இல்லன்னா, எதுவும் அடிக்கலன்னு அர்த்தம்," என்றார் தாய்மாமன். அவருக்கும் களைப்பு வந்திருந்தது. ஜெயித்துக்கொண்டிருப்பவர்கூடக் களைத்துப்போகிற வழக்கு இது.

சின்னவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே சிவப்புச் சிலுவை போட்ட ஸ்ட்ரெச்சர் மாட்டியிருந்தது. "பாருங்க அத்தான், வாங்கின பிளாஸ்டிக் உறையக்கூட இன்னும் பிரிக்கல. எங்கம்மா புது சோபாவுக்கு வெச்சிருக்கற மாதிரி. யாராவது உக்காந்துட்டா தேஞ்சு போயிடும்னு."

துப்பறிவாளன் திரும்பினான். ஸ்ட்ரெச்சரைப் பார்த்தான். ஜன்னலைப் பார்த்தான்.

"சூப்பர்வைசர் சார். அந்தம்மாவ எதுல தூக்கிட்டுப் போனீங்க?"

சூப்பர்வைசர் சுவரில் மாட்டியிருந்த ஸ்ட்ரெச்சரைப் பார்த்தார்.

"அந்த நேரத்துல யாருக்கு ஸ்ட்ரெச்சர் ஞாபகம் வரும் சார்? கையில கிடைச்சதுல… ஒரு கதவுல. ஓரம் மடிச்சிருக்கும்ல, நாலு பேர் பிடிக்கத் தோதா இருந்துச்சு."

"எந்தக் கதவு?"

"ஜன்னல்கிட்ட நின்ன…" என்றவர் பாதியில் நிறுத்தினார். அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

கதவு எங்கேயும் போகவில்லை. அன்று ஆஸ்பத்திரிக்கு ஓட்டிய சரக்கு வேனிலேயே, டிரைவர் சீட்டுக்குப் பின்னால், பழைய போர்வையில் சுற்றி நிறுத்தியிருந்தது. வேன் டிரைவர் வயிறு பெருத்த, குரல் சின்ன மனிதர்.

"கழுவிட்டேன் சார். திருப்பி அடுக்குல வெக்க மனசு வரல. பழைய இரும்புக்காரன்கிட்ட போடவும் மனசு வரல. என்னதான் பண்றது? கூடவே ஓட்டிட்டுத் திரியறேன்."

வெயிலில் சாய்த்துப் பிடித்தார்கள். இடது மூலை சுத்தமாக இருந்தது. தலைமுடிக் கோடுகூட இல்லை.

வலது மூலையில் ஒரு நீல வட்டம். மெழுகுப் பென்சில். தண்ணீரில் போகவில்லை.

"வட்டத்துக்குள்ள ஒண்ணையும் காணோமே," என்று சின்னவள் குனிந்தாள்.

"நகத்த வெச்சுப் பாரு."

அவள் நகத்தால் மெல்ல இழுத்தாள். ஓரிடத்தில் நகம் தட்டியது. "இருக்கு."

துப்பறிவாளன் நிறுத்தி நிறுத்திப் பேசினான். "இந்தக் கதவு மெருகு போட்ட அப்புறம் அடிச்சது. இடது மூலையே சொல்லுது. அப்ப, அவங்க வெளிய வந்திருக்காங்க. சாவிய அவங்களேதான் குடுத்திருக்காங்க. கதவு வந்ததும் வெளிச்சத்துல பாத்திருக்காங்க. வலது பக்கம் புதுசா ஒரு கோடு. வட்டம் போட்டுட்டு, திரும்ப உள்ள போயிருக்காங்க. பெரிய மெருகு இல்ல, ஒரு துடைப்பு. அதுக்காகச் சாவிய உருவல."

"இல்ல." தாய்மாமனின் குரல் உயர்ந்தது. "எங்க வீட்டுப் பொண்ணு சாவிய மறக்கறவ இல்ல. இந்த வட்டத்த அவன் அப்புறமா போட்டிருக்கலாம். வேன் இங்கதானே நிக்குது?"

"போட்டிருக்கலாம்," என்றான் துப்பறிவாளன். "இந்த வேன் கதவுல தூசி இருக்கு. விரலால ஒரு வட்டம் போடுங்க."

"எதுக்கு?"

"போடுங்க."

தாய்மாமன் போட்டார். சின்னவள் போட்டாள். சூப்பர்வைசரும் வேன் டிரைவரும் தாங்களாகவே வந்து போட்டார்கள். நான்கு வட்டமும் உச்சியில் தொடங்கி இடது பக்கமாக இறங்கி வலது பக்கமாக ஏறின. எல்லாரும் வலது கைக்காரர்கள்.

கதவில் இருந்த நீல வட்டம் எதிர்ப்புறமாகச் சுற்றியிருந்தது. உச்சியில் பென்சில் ஊன்றிய இடம் தடிப்பாக இருந்தது. அங்கிருந்து வலப்பக்கமாக இறங்கி, இடப்பக்கமாக ஏறி, மெலிந்து ஒரு வாலில் முடிந்திருந்தது.

தாய்மாமன் வெகுநேரம் அதையே பார்த்தார்.

"இடது கை அவளுக்கு," என்றார். "எங்கப்பா அடிச்சு அடிச்சு மாத்தப் பாத்தாரு. எழுத்து மாறுச்சு. வட்டம் மாறல." கொஞ்சம் கழித்து, "மாப்பிள்ளைக்கு வலது கை," என்றார்.

இத்தனை நேரம் 'அவன்' என்று மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தவர். சின்னவள் துப்பறிவாளனைப் பார்த்தாள். அவனும் கவனித்திருந்தான்.

கணவனின் வீடு ஒற்றை அறை. ஓரமாகச் சமையல், ஓரமாகக் கட்டில். கொடியில் ஒரு சின்னப் பள்ளிச் சீருடை துவைத்துக் காய்ந்துகொண்டிருந்தது. பிள்ளையே வீட்டில் இல்லை.

"துவைச்சு வெச்சா உடனே போட்டுக்கலாம்ல," என்றான் கணவன், யாரும் கேட்காமலே. தாய்மாமனைப் பார்த்ததும் எழுந்து நின்றான். "வாங்க மச்சான்" என்று சொல்லலாமா என்று தெரியாமல் வாய் திறந்து மூடியது.

வேன் டிரைவரும் சின்னவளும் கதவை உள்ளே கொண்டுவந்து சுவரில் சாய்த்தார்கள். போர்வையை எடுத்தார்கள். கணவன் நீல வட்டத்தைப் பார்த்தான். கட்டிலில் உட்கார்ந்துவிட்டான்.

"சாவிய நீங்க எடுக்கல," என்றான் துப்பறிவாளன். "அவங்களேதான் குடுத்தாங்க."

"அழுத்தினது நான்தானே சார்?"

"அது தெரியும். நீங்க எழுதிக் குடுத்தது வேற."

"என்ன இப்போ? எழுதினது எழுதினதாவே இருக்கட்டுமே."

"ஏன்யா?" தாய்மாமன் உடைந்த குரலில் கேட்டார். "பாப்பா உன்கிட்ட வரவே கூடாதுன்னு நான் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறேன். நீ ஜெயிலுக்குப் போவ. உண்மையச் சொன்னா என்ன குறைஞ்சு போயிடும்?"

கணவன் கொடியில் தொங்கிய சீருடையைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"பாப்பாகிட்ட என்னன்னு சொல்றது மச்சான்? அந்த அட்டைய எழுதினதே உங்கம்மா. எல்லாரையும் திட்டினதும் உங்கம்மா. ஒரே ஒருதரம் அவளே மறந்துட்டான்னா? நாளைக்கு அவளுக்குக் கோபம் வரும். வரத்தான் செய்யும். தப்பு அப்பனதுன்னா, கோபிச்சுக்க ஒரு ஆளு இருக்கும். வந்து அடிக்கலாம், பேசாம இருக்கலாம். அம்மா மேல கோபம் வந்தா யார்கிட்டப் போய்க் காட்டுவா?"

சின்னவள் போர்வையை மடித்தாள்.

துப்பறிவாளன் கேட்டான். "நீங்க எப்படிப் பாக்காம விட்டீங்க?"

"ஜன்னலுக்குப் போயிட்டேன் சார். கதவு வந்ததும் ஜன்னல்கிட்ட தூக்கிட்டுப் போனோம். பாத்தா. வட்டம் போட்டா. அத அங்கயே நிக்க வெச்சுட்டு, சரிஞ்சு விழாம ஒரு மரத்துண்டு அண்டக் குடுத்துட்டுத் திரும்பினேன். ஆளக் காணோம். குழாயில தண்ணி கொட்டற சத்தம். மெருகு முடிஞ்சதும் கை கழுவத்தான் போவா, கையெல்லாம் சாம்பல் நிறமா இருக்கும். கழுவறான்னு நினைச்சேன். தகட்டத் தூக்கி வெச்சேன்." அவன் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "குழாய யாரோ மூடாம விட்டிருந்தாங்க."

"கடைசியா ஏதாவது சொன்னாங்களா?"

"உன்ன நல்லாப் பாத்துக்கச் சொன்னான்னு பாப்பாகிட்ட சொல்லியிருக்கேன்."

"நிஜமா என்ன சொன்னாங்க?"

"'சரிஞ்சுடப் போகுது, நல்லா அண்டக் குடுங்க.' அவ்வளவுதான் சார். கதவச் சொன்னா."

அண்டக் கொடுத்த கதவில்தான் அவளைத் தூக்கிப் போனார்கள்.

தாய்மாமன் போய்க் கொடியில் இருந்த சீருடையைத் தொட்டுப் பார்த்தார். காய்ந்திருந்தது. எடுத்து நான்காக மடித்தார். கடைக்காரர் மடிப்பு, மூலைக்கு மூலை சரியாக இருந்தது. அதைக் கொண்டுவந்து கணவனின் மடியில் வைத்தார்.

"ஸ்டேஷனுக்கு இந்தக் கதவோட நான் வரேன். நீங்க எழுதினத மாத்தி எழுதணும். பாப்பாகிட்ட சாவி விஷயத்த நான் சொல்றேன் மாப்பிள்ளை. கோபம் வந்தா நம்ம ரெண்டு பேர் மேலயும் காட்டட்டும். பங்கு போட்டுக்குவோம்."

கணவன் சீருடையைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டான்.

"சாயங்காலம் ஸ்கூல் வாசலுக்கு நீங்களே போங்க," என்றார் தாய்மாமன். "என்னப் பாத்தா முகத்தத் தூக்கி வெச்சுக்குறா. உங்கள மாதிரியே."

திரும்பும் வழியில் சின்னவள் வெகுதூரம் பேசாமல் ஓட்டினாள். அது அவளுக்கு ஆகாத காரியம். ஒரு சிக்னலில் நிறுத்தியதும், திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்:

"கேஸ் குடுத்தவர் ஒண்ணக் கேட்டாரு, நாம வேற ஒண்ணக் கண்டுபிடிச்சுக் குடுத்தோம். இப்படியே போனா ஆபீஸுக்கு ஈ கூட வராது அத்தான்."

"ம்."

"அத்தான்."

"ம்."

"அம்மாவ நல்லாப் பாத்துக்கோங்கன்னு அக்கா கடைசியா சொன்னதா சொன்னீங்கல்ல? அம்மா அதத்தான் இன்னும் வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் சொல்லி அழறா."

அவன் சிக்னலின் சிவப்பு விளக்கைப் பார்த்தான்.

"அக்கா அப்படிப் பேசற ஆளே இல்லியே. எனக்கு அன்னைக்கே தெரியும். அம்மாகிட்ட சொல்ல மாட்டேன். எனக்கு மட்டும் சொல்லுங்க."

சிக்னல் மாறியது. பின்னால் இருந்தவர்கள் ஹார்ன் அடித்தார்கள். அவள் வண்டியை ஓரமாக நிறுத்தி, இஞ்சினை அணைத்தாள்.

விடியற்காலையில் மனைவிக்கு வயிற்றுவலி வந்து, போட்டது போட்டபடி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஓடியதை அவன் சொன்னான். ஆபரேஷன் அறை வாசலில் தள்ளுவண்டியை ஒரு கணம் நிறுத்தியதைச் சொன்னான். அவள் தலையைத் தூக்கி, கையால் வா என்று கூப்பிட்டதையும், அவன் குனிந்து காதைக் கொடுத்ததையும் சொன்னான்.

"என்ன சொன்னா?"

"'மோட்டார ஆஃப் பண்ணிட்டுத்தானே வந்தீங்க?'"